சனிக்கிழமை விளையாட்டுக் கூடல்: பாடாங் செராய் போன்ற தோட்டப்புற ஊரில் ஏழு முதல் ஒன்பது வயதுப் பிள்ளைகளுக்காகத் தொடங்குவது எப்படி

என் மகள் தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டு சேர்ந்த மூன்றாவது வாரம் அது. அவளுடைய நோட்டைத் திறந்தேன். ‘அ’ எழுதிய இடத்தில் பென்சில் தாளைக் கிழித்துக்கொண்டு அடுத்த பக்கம் வரை இறங்கியிருந்தது. நகத்தைச் சுற்றி வெளுக்கும் அளவுக்கு அழுத்திப் பிடித்து எழுதியிருக்கிறாள். “கை வலிக்கிறது அம்மா” என்றாள். நான் செய்த முதல் வேலை, இன்னும் இரண்டு எழுத்துப் பயிற்சிப் புத்தகங்கள் வாங்கி வந்ததுதான். அது தவறு.

பக்கத்து வீட்டுப் பாட்டி ரப்பர் தோட்டத்தில் முப்பது வருடம் பால்மரம் சீவியவர். அந்த நோட்டைப் பார்த்துவிட்டு, “இதை மூடி வையம்மா. பிள்ளையிடம் ஐந்து கல்லைக் கொடு” என்றார். தினமும் மாலையில் ஐந்தாங்கல் ஆடினார்கள். இரண்டு மாதத்தில் அவள் பென்சிலைப் பிடிக்கும் விதமே மாறியது. எதிர்வீட்டுப் பையன் சேர்ந்தான், பிறகு அவன் தங்கை, பிறகு மூன்று வீடு தள்ளியிருந்த இரட்டையர். இதை ஒழுங்காக வாரம் ஒரு முறை நடத்தலாம் என்று நினைத்தபோதுதான் சிரமங்கள் தொடங்கின. மண்டபம், கடிதம், மழை, பெற்றோரின் சந்தேகம் எனத் தட்டுத்தடுமாறி ஒரு நிலைக்கு வர எனக்கு எட்டு மாதம் பிடித்தது. கீழே உள்ளபடி செய்தால் உங்களுக்கு ஆறு வாரம் போதும்.

1. முதலில் நாளை முடிவு செய்யுங்கள்

பாடாங் செராய் இருப்பது மலேசியாவின் கெடா மாநிலத்தில். இங்கே பள்ளியின் வார விடுமுறை வெள்ளியும் சனியும். ஆனால் பாடாங் செராயில் பல வீடுகளில் அப்பாவோ அம்மாவோ பிறை, புக்கிட் மெர்தாஜாம் பக்கம் பினாங்குத் தொழிற்சாலைகளில் வேலை செய்கிறார்கள். அவர்களுக்கு ஓய்வு சனியும் ஞாயிறும். பிள்ளைக்கும் பெற்றோருக்கும் பொதுவாக மிஞ்சுவது சனிக்கிழமை ஒன்றே. நான் முதலில் வெள்ளிக்கிழமை வைத்தேன். பிள்ளைகள் வந்தார்கள், உதவிக்குப் பெரியவர்கள் வரவில்லை. மூன்றே வாரத்தில் நிறுத்த வேண்டியதாயிற்று. பேராக், சிலாங்கூர் போன்ற மாநிலங்களில் இந்தச் சிக்கல் இல்லை. அங்கே சனி, ஞாயிறு இரண்டில் எது வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம்.

நேரம் காலை 8.30 முதல் 10.00 வரை. பத்தரைக்கு மேல் சிமென்ட் தரை சுடத் தொடங்கிவிடும். மாலையில் வைத்தால் இடிமழை வந்து கெடுக்கும். ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் இழுக்காதீர்கள். ஏழு வயதுப் பிள்ளைக்கு அதற்குமேல் களைப்பும் அழுகையும்தான் மிஞ்சும்.

நாளைக் குறிக்கும்முன் மூன்று நாட்காட்டிகளைப் பாருங்கள்: பள்ளி விடுமுறை அட்டவணை, கோயில் திருவிழா, பள்ளியின் சனிக்கிழமை நடவடிக்கைகள். விடுமுறை அட்டவணையில் கெடா ‘ஏ’ பிரிவில் இருக்கிறது. பினாங்கு ‘பி’ பிரிவு. எல்லையை ஒட்டிய ஊர் என்பதால் சில பிள்ளைகள் அந்தப் பக்கப் பள்ளிக்குப் போவார்கள். அவர்களையும் கேட்டுக்கொள்ளுங்கள். சில கோயில்களில் சனி காலை தேவார வகுப்பு நடக்கும். அதோடு மோதினால் பெற்றோர் உங்களைத் தேர்ந்தெடுக்க மாட்டார்கள், தேர்ந்தெடுக்க வைக்கவும் கூடாது.

2. இடம்: கூரை, கழிவறை, வேலி

அழகான இடம் தேட வேண்டாம். கூரை, வேலை செய்யும் கழிவறை, சாலைக்கும் திடலுக்கும் நடுவே ஒரு வேலி அல்லது வாய்க்கால், இந்த மூன்றும் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். ஒன்று குறைந்தாலும் வேறு இடம் தேடுங்கள்.

எங்கள் ஊரில் கிடைக்கக்கூடியவை நான்கு. தமிழ்ப்பள்ளித் திடல், பாலாய்ராயா எனப்படும் ஊர்ப் பொதுமண்டபம், கோயில் மண்டபம், தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) உள்ள விளையாட்டுத் திடல். பள்ளிதான் சிறந்தது. ஆனால் தலைமையாசிரியரிடம் தனியாளாகப் போய்க் கேட்டால் பதில் வரத் தாமதமாகும். பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் வழியாகக் கேளுங்கள். சங்கம் தன் நடவடிக்கையாக ஏற்றுக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. கோயில் மண்டபம் பெரும்பாலும் இலவசம். திருவிழாக் காலத்திலும் கல்யாண முகூர்த்த நாளிலும் கிடைக்காது என்பதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

பாலாய்ராயாவுக்கு நான் ஒரு காலைக்கு 30 வெள்ளியும் (ரிங்கிட்), ஒருமுறை வைப்புத்தொகையாக 50 வெள்ளியும் கொடுத்தேன். இடத்துக்கு இடம் இது மாறும். சில இடங்களில் பிள்ளைகளுக்கான இலவச நடவடிக்கை என்று கடிதத்தில் எழுதினால் வாடகையைத் தள்ளுபடி செய்கிறார்கள், கேட்காமல் விடாதீர்கள்.

இங்கே நான் விழுந்த பள்ளத்தைச் சொல்கிறேன். ஒரு மண்டபத்தை வாய்மொழியாக உறுதி செய்துவிட்டு, பதினான்கு பிள்ளைகளோடு போய் நின்றேன். உள்ளே கல்யாணத்துக்கு நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்தார்கள். எங்கள் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை. பிள்ளைகள் கையில் பந்தோடு வாசலில் நின்ற காட்சியை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை. ஆகவே, தேதிகள் எல்லாம் எழுதப்பட்ட ரசீது கையில் வரும்வரை எந்தப் பெற்றோரிடமும் நாளைச் சொல்லாதீர்கள். முதல் நாள் மாலை ஒருமுறை தொலைபேசியில் அழைத்துக் கேளுங்கள்.

செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய திடல் என்றால் ஒரு கட்டாய விதி: பந்து செம்பனைக்குள் போனால் பிள்ளை பின்னால் போகக் கூடாது. எலி இருக்கும் இடத்துக்குப் பாம்பு வரும், செம்பனைக் காட்டில் நாகம் சாதாரணம். மட்டை முள்ளும் காலைக் கிழிக்கும். நீளக் காற்சட்டையும் காலணியும் அணிந்த பெரியவர் ஒருவர் கம்போடு போய் எடுக்கட்டும், இல்லையென்றால் பந்தை விட்டுவிடுங்கள்.

3. காகித வேலை

மொத்தம் மூன்று காகிதங்கள்.

முதலாவது, இடத்துக்கான விண்ணப்பக் கடிதம். மலாயில், ஒரே பக்கம். நடவடிக்கையின் பெயர், எல்லாத் தேதிகளும், தொடங்கும் முடியும் நேரம், எத்தனை பிள்ளைகள், எத்தனை பெரியவர்கள், பொறுப்பாளரின் பெயரும் தொலைபேசி எண்ணும். கட்டணம் வாங்கவில்லை என்பதைத் தெளிவாக எழுதுங்கள். இரண்டு பிரதி எடுத்துப் போய், ஒன்றில் ‘பெற்றுக்கொண்டோம்’ என்று முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கடிதம் வரவே இல்லை என்ற பதிலை நான் இரண்டு முறை கேட்டேன். முத்திரை வாங்கத் தொடங்கிய பிறகு ஒருமுறையும் கேட்கவில்லை. நான்கு வாரம் முன்னதாகக் கொடுப்பது நல்லது.

இரண்டாவது, பெற்றோர் ஒப்புதல் படிவம். தமிழிலும் மலாயிலும் இருக்கட்டும். பிள்ளையைக் கொண்டுவந்து விடுவது பல வீடுகளில் தாத்தா பாட்டி, கையெழுத்துப் போடுவது பெற்றோர். படிவத்தை முந்தின வாரமே வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். அதில் கேட்க வேண்டியவை: பிள்ளையின் பெயர், வயது, ஆஸ்துமா, வலிப்பு, ஒவ்வாமை (குறிப்பாகக் கச்சான் எனும் வேர்க்கடலை, முட்டை, எறும்புக்கடி), உடனே எடுக்கக்கூடிய இரண்டு தொலைபேசி எண்கள், அழைத்துப் போக உரிமையுள்ளவர்களின் பெயர்கள். புகைப்படம் எடுக்கலாமா என்பதற்குத் தனியாக ‘ஆம், இல்லை’ கட்டம்.

கேட்கக் கூடாதது, பிள்ளையின் அடையாள அட்டையான மைகிட்டின் நகல். நான் தொடக்கத்தில் பதினாறு பிள்ளைகளின் நகலை வாங்கி அலமாரியில் வைத்திருந்தேன். அதனால் ஒரு பயனும் இல்லை, தொலைந்தால் பெரிய ஆபத்து. எல்லாவற்றையும் அந்தந்த வீட்டுக்கே திருப்பிக் கொடுத்தேன். படங்களைப் பெற்றோரின் புலன (வாட்ஸ்அப்) குழுவுக்கு வெளியே போடாதீர்கள். பள்ளிச்சீருடையில் பெயர்ப்பட்டையோடு நிற்கும் படம் வேண்டவே வேண்டாம்.

மூன்றாவது, வருகைப் பதிவு. வந்த நேரம், போன நேரம், யார் கூட்டிப் போனார், கையெழுத்து. ஒரு சாதாரண நோட்டுப் போதும்.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. பெற்றோர் சிலர், “இவ்வளவு செய்கிறீர்கள், அரை மணி நேரம் கணக்கும் சொல்லிக்கொடுங்களேன், மாதம் இருபது வெள்ளி தருகிறோம்” என்பார்கள். நல்ல எண்ணத்தில்தான் கேட்பார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள். 1996ஆம் ஆண்டின் கல்விச் சட்டம், 10 பேரோ அதற்கு மேலோ தொடர்ந்து கற்பிக்கப்படும் இடத்தைப் பள்ளி என்கிறது. டியூஷன் நிலையங்கள் பதிவு செய்தாக வேண்டும். அந்த வழியில் போக விரும்பினால் மாநிலக் கல்வித் துறையிடம் முறையாகப் பதிந்துகொண்டு போங்கள். சட்டத்தை விடவும் எனக்குப் பெரிதாகப் பட்டது வேறு. நான் ஒருமுறை பயிற்சித்தாள் கொடுத்துப் பார்த்தேன். அடுத்த வாரம் ஆறு பிள்ளைகள் வரவில்லை. வந்தவர்களும் உள்ளே நுழையும்போதே, “இன்றைக்கும் எழுத வேண்டுமா ஆன்ட்டி?” என்று கேட்டார்கள். முதல் மூன்று ஆண்டு மாணவர்களுக்குப் பள்ளியிலேயே ஆண்டிறுதித் தேர்வு நீக்கப்பட்டு, வகுப்பறை மதிப்பீடு வந்துவிட்டது. நாம் சனிக்கிழமையில் தேர்வைக் கொண்டுவந்து வைக்க வேண்டாம்.

4. பெரியவர்கள்

ஐந்து பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர். மூன்று பெரியவர் இல்லாமல் தொடங்காதீர்கள். ஒருவர் காயத்துக்கு மருந்து போடப் போனாலும் இருவர் மிஞ்ச வேண்டும்.

யாராக இருந்தாலும், எவ்வளவு வேண்டியவராக இருந்தாலும், ஒரு பிள்ளையோடு மூடிய இடத்தில் தனியாக இருக்கக் கூடாது. கழிவறைக்குப் பிள்ளைகள் இருவர் இருவராகப் போகட்டும், பெரியவர் வெளியே கண்ணில் படும்படி நிற்கட்டும். இதை முதல் கூட்டத்திலேயே எல்லாருக்கும் பொதுவான விதியாக அறிவித்துவிடுங்கள். பின்னால் ஒருவரைப் பார்த்துச் சொல்ல நேர்ந்தால் மனத்தாங்கல் வரும். ஒரு பிள்ளைக்கு வீட்டிலோ வெளியிலோ ஏதோ நடக்கிறது என்ற ஐயம் வந்தால் 15999 என்ற தாலியான் காசே எண்ணை, அதாவது அரசாங்க உதவி எண்ணை, அழையுங்கள். அவசரத்துக்கு 999.

தாத்தா பாட்டிமாரை வாசலிலேயே அனுப்பிவிடாதீர்கள். ஐந்தாங்கல், தாயம், பாண்டி எல்லாம் அவர்கள் கையில் இருக்கும் சொத்து. எங்களுக்கு வாரம் தவறாமல் வரும் மூன்று பேரில் இருவர் எழுபதைத் தாண்டியவர்கள்.

5. பொருள்களும் செலவும்

பாதிப் பொருள் தரையில் கிடக்கிறது. ரப்பர் விதை எங்கள் பக்கம் ஆகஸ்ட், செப்டம்பர் வாக்கில் வெடித்து விழும். அப்போதே ஒரு வாளி பொறுக்கி, கழுவி, வெயிலில் காயவைத்து எடுத்து வையுங்கள். தோட்டத்துக்குள் போவதென்றால் தோட்ட அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு போங்கள். சாலையோர மரத்தடியிலேயே வேண்டிய அளவு கிடைக்கும். பச்சை ரப்பர் விதை நஞ்சு. அதை வாயில் வைக்கக் கூடாது என்பதைப் பிள்ளைகளுக்கு ஒவ்வொரு வாரமும் சொல்லுங்கள்.

மஞ்சாடி விதையை இங்கே ‘சாகா’ என்பார்கள். பள்ளி, கோயில் வளாகங்களில் மரம் இருக்கும். முழுச் சிவப்பாக, பளபளவென்று, பிள்ளைகள் கையை விட்டு இறங்காது. இதோடு குன்றிமணியைக் கலந்துவிடாதீர்கள். குன்றிமணிக்கு ஒரு முனையில் கறுப்புப் பொட்டு இருக்கும், கடித்து விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. ஒரு பாட்டி ஆசையாகக் கொண்டுவந்த டப்பாவில் நான்கு குன்றிமணி கிடந்ததை நாங்கள் கண்டெடுத்தோம். அன்றிலிருந்து எந்த விதை வந்தாலும் வெள்ளைத் துணியில் கொட்டிப் பார்த்துத்தான் எடுக்கிறோம். கூடவே வரும் மூன்று வயதுத் தம்பி தங்கை மூக்கில் விதையைத் திணித்துக்கொள்ளும், அவர்களுக்குத் தனிப் பாயும் பந்தும் போடுங்கள்.

பூச்சிமருந்து, களைக்கொல்லி வந்த போத்தலையும் தோம்பையும் (பீப்பாயையும்) எவ்வளவு கழுவினாலும் பயன்படுத்தாதீர்கள். தோட்ட வீடுகளில் இவை தாராளமாகக் கிடைப்பதால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்.

வாங்க வேண்டியவற்றுக்கு எனக்கு ஆன முதல் செலவு: தரையில் எழுதும் தடித்த சுண்ணக்கட்டி இரண்டு பெட்டி 10 வெள்ளி, ரப்பர்ப் பந்து ஆறு 15, இரண்டு பாய் 24, கயிறு 6, சமையலறைத் தராசு 25, முதலுதவிப் பெட்டிக்கான பொருள்கள் 30. கூட்டினால் 110 வெள்ளி. ஐந்தாங்கல்லுக்குத் தைத்த துணிப்பொட்டலம் வீட்டுத் துண்டுத்துணியிலும் ஒரு பிடி அரிசியிலும் முடிந்துவிட்டது. வாராவாரம் தண்ணீரும் ரொட்டியும் 12 வெள்ளிக்குள். இந்தச் செலவைப் பெற்றோரிடம் கட்டணமாகக் கேட்காமல், வீட்டுக்கு ஒரு முறை என்று ரொட்டி முறை வைத்துக்கொண்டோம். யாருக்கும் பாரமில்லை.

6. ஒன்றரை மணி நேரத்தை எப்படிப் போக்குவது

பிள்ளைகள் பசியாறிவிட்டு வரவேண்டும் என்று படிவத்திலேயே எழுதுங்கள். வெறும் வயிற்றோடு வரும் பிள்ளை ஒன்பது மணிக்குச் சண்டை போடும்.

முதல் அரை மணி நேரம் ஓட்டம். ஐந்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் நாளொன்றுக்கு சராசரியாக 60 நிமிடமாவது மூச்சு வாங்கும் அளவுக்கு உடலை அசைக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. பூப்பந்துத் திடலின் கோடுகள் இருந்தால் காலா பாஞ்சாங் ஆடவையுங்கள். கோட்டில் நிற்பவரை ஏய்த்துக் கடந்து போய்த் திரும்பி வருவதில் கண், கால், யோசனை மூன்றும் ஒன்றாக வேலை செய்கின்றன. கிட்டிப்புள் எனக்குப் பிடித்த ஆட்டம்தான். ஆனால் பறக்கும் புள் கண்ணில் படும், இந்த வயதுக்கு வேண்டாம்.

ஓட்டத்துக்குப் பிறகு பாண்டி. கட்டங்களில் எண்ணுக்குப் பதில் ல, ள, ழ, ர, ற, ன, ண, ந என்று எழுதுங்கள். சில்லு எந்த எழுத்தில் விழுகிறதோ அந்த எழுத்து வரும் ஒரு சொல்லைச் சொல்லிவிட்டுத்தான் நொண்ட வேண்டும். எட்டு வயதுப் பையன் ஒருவன் ‘ள’வில் சில்லைப் போட்டுவிட்டு, “பல்லி” என்றான். எல்லாரும் சிரித்தார்கள். பாட்டி ஒருவர் எழுந்து வந்து, நாக்கை உள்ளே வளைத்து, “பள்ளி” என்று சொல்லிக்காட்டினார். அவன் ஒற்றைக் காலில் நின்றபடியே நான்கு முறை சொல்லிப் பார்த்தான். அடுத்த வாரம் அவனே, “புலி வேறு, புளி வேறு” என்று தங்கைக்குச் சொல்லிக்கொண்டிருந்தான். ஒரு பக்கம் எழுதவைத்திருந்தால் இது நடந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

அடுத்தது கைக்கு. ஐந்தாங்கல்லைப் பிள்ளைகள் ‘பத்து செரம்பான்’ என்ற மலாய்ப் பெயரிலேயே அறிவார்கள், பெயர் எதுவானாலும் சரி. முதலாம் ஆண்டுப் பிள்ளையிடம் ஐந்தையும் கொடுத்து மிரளவைக்க வேண்டாம். ஒரு பொட்டலத்தைத் தூக்கிப் போட்டுப் பிடிப்பது முதல் வாரம். தூக்கிப் போட்டு, ஒரு முறை கைதட்டி, பிடிப்பது இரண்டாம் வாரம். பிறகு தரையிலிருந்து ஒன்றை எடுத்துக்கொண்டு பிடிப்பது. இப்படிப் போனால் ஒன்றரை மாதத்தில் ஆட்டம் கைக்கு வந்துவிடும். இடக்கைப் பிள்ளையை வலக்கைக்கு மாற்றாதீர்கள்.

கோலமும் அப்படித்தான். மூன்று புள்ளி, இரண்டு புள்ளி, ஒரு புள்ளியில் தொடங்குங்கள். சுண்ணக்கட்டியை நெருக்கிப் பிடித்தால் உடையும். உடையாமல் பிடிக்கக் கற்றுக்கொள்ளும் கை பென்சிலையும் அப்படிப் பிடிக்கும். பையன்கள் கோலம் போட வெட்கப்பட்டால், ஒரு தாத்தாவைப் போடச் சொல்லுங்கள். எங்கள் கூடலில் அது போதுமானதாக இருந்தது.

தண்ணீர் குடித்துவிட்டு வந்ததும் எண்ணிக்கை. முப்பது முட்டை அட்டையில் இரண்டு வரிசையை வெட்டினால் 12 குழி. இரு முனையிலும் ஒரு கிண்ணம் வைத்தால், பல்லாங்குழி போன்ற மலாய் ஆட்டமான சோங்காக் சின்ன அளவில் தயார். குழிக்கு நான்கு ரப்பர் விதை, மொத்தம் 48. பல்லாங்குழியில் இந்த இரண்டு பெரிய வீடுகளும் கிடையாது, அதைப் பாட்டிகள் பிறகு சொல்லிக்கொடுப்பார்கள். ஆடும்போது, “எங்கே போய் முடியும், போடும்முன் சொல்” என்று மட்டும் கேளுங்கள். மூன்றாம் வாரத்தில் பிள்ளைகள் விரலால் தொடாமல் கண்ணாலேயே குழிகளை எண்ணத் தொடங்குவார்கள்.

மஞ்சாடியைத் தராசில் போடுவது என் மகளுக்கு மிகவும் பிடித்தது. ஏறக்குறைய நான்கு விதை ஒரு கிராம். அந்தக் காலத்தில் பொன் நிறுக்க இந்த விதையைத்தான் பயன்படுத்தினார்கள் என்று சொன்னதும் பிள்ளைகள் நகைக்கடைக்காரர்கள் ஆகிவிட்டார்கள். ஒரு பிடி அள்ளி, “எத்தனை கிராம் இருக்கும்?” என்று முதலில் ஊகிக்கச் சொல்லுங்கள், பிறகு நிறுத்துப் பாருங்கள், பிறகு எண்ணுங்கள். இன்னொரு வாரம் இரவுச் சந்தைக் கடை வைக்கலாம். 5, 10, 20, 50 காசு நாணயங்களைக் கொடுத்து, ஒரு வெள்ளியை எத்தனை விதமாகச் சேர்க்கலாம் என்று கேளுங்கள். உண்மையான நாணயமே கொடுங்கள், அட்டைக் காசுக்கு அந்தக் கவனம் வருவதில்லை.

ரப்பர் விதையைச் சிமென்டில் தேய்த்தால் சுடும். ஏன் சுடுகிறது என்று கேட்டுவிட்டு அவர்களையே யோசிக்கவிடுங்கள். ஒரு விதி போட்டுவிட்டுத் தொடங்குங்கள்: தன் உள்ளங்கையில் மட்டுமே வைத்துப் பார்க்கலாம். நாங்கள் விதி போடுவதற்குள் ஒரு பிள்ளையின் கழுத்தில் சிவந்த தழும்பு விழுந்துவிட்டது.

கடைசிப் பத்து நிமிடம் கதை. தாத்தா பாட்டிமார் யாராவது தோட்டத்தில் நடந்த ஒன்றைச் சொல்லட்டும். அதிகாலை விளக்கோடு வெட்டுக்குப் போனது, மழை பிடித்ததும் பால் வீணானது, லயத்து வீட்டில் எல்லாரும் சேர்ந்து பொங்கல் வைத்தது. மறுவாரம் ஒரு பிள்ளை அதைத் தன் சொல்லில் திருப்பிச் சொல்லட்டும். இடையில் மொழியைத் திருத்தாதீர்கள்.

7. மழை, இடி, புகைமூட்டம், கொசு

இடிச்சத்தம் கேட்டதும் கூரைக்குக் கீழ். கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் கழித்தே மறுபடி திடல். எங்கள் வட்டாரத்தில் ஏப்ரல், மே மாதங்களிலும் செப்டம்பரிலிருந்து நவம்பர் வரையிலும் மழை அதிகம். அந்த மாதங்களுக்குக் கூரையுள்ள இடம் மட்டும் பாருங்கள். சனவரி, பிப்ரவரியில் திடலைத் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

புகைமூட்டக் காலத்தில் காலை ஏழரைக்குச் சுற்றுச்சூழல் துறையின் இணையப் பக்கத்தில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீட்டைப் பாருங்கள். 100ஐத் தாண்டினால் வெளி ஓட்டம் வேண்டாம். ஆஸ்துமா உள்ள பிள்ளைக்கு அதற்கும் முன்பே. மருந்துக்குழல் பிள்ளையின் பையில் இருக்கிறதா என்று வாசலிலேயே கேளுங்கள். நீங்களாக எந்த மருந்தும் கொடுக்காதீர்கள்.

விளையாட வைத்த கிண்ணம், வாளி, முட்டை அட்டை எதையும் திறந்தவெளியில் விட்டுப் போகாதீர்கள். தேங்கும் தண்ணீரில் ஏடிஸ் கொசு முட்டையிடும்.

8. ஒதுங்கி நிற்கும் பிள்ளை

எல்லாக் கூடலிலும் ஒருவர் இருப்பார். சுவரோடு ஒட்டி நிற்பார், பந்து வந்தால் காதைப் பொத்துவார், பெயர் சொல்லி அழைத்தால் திரும்ப மாட்டார். இழுத்து வந்து நடுவில் விடாதீர்கள். எங்களிடம் ஒரு பெண்பிள்ளை ஐந்து வாரம் வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆறாவது வாரம் யாரும் சொல்லாமல் தானே வந்து விதைகளை நிறத்துக்கு ஏற்ப, அளவுக்கு ஏற்பப் பிரித்து அடுக்கினாள். இப்போது விதைகளுக்கு அவள்தான் பொறுப்பாளர்.

சில மாதம் பார்த்த பிறகும் கவலை இருந்தால், பெற்றோரைத் தனியாக அழைத்து, பார்த்ததை மட்டும் சொல்லுங்கள். “மூன்று வாரமாகப் பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்பவில்லை” என்று சொல்லலாம். நோயின் பெயரைச் சொல்ல நாம் மருத்துவர்கள் அல்லர். அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் 1 வெள்ளி. மைகிட், பிறப்புப் பத்திரம், சிறுவயதுத் தடுப்பூசிப் புத்தகம் மூன்றையும் எடுத்துப் போகச் சொல்லுங்கள். முதலில் காதையும் கண்ணையும் பரிசோதிக்கக் கேட்க வேண்டும். பெரிய மருத்துவமனைக்குப் பரிந்துரைத்தால் தேதி கிடைக்க மாதங்கள் ஆகலாம். அதனால் ‘அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம்’ என்று தள்ளிப்போட விடாதீர்கள். வேண்டுமானால் நீங்களும் கூடப் போங்கள். பேருந்தில் தனியாகப் பிள்ளையோடு போகும் தாய்க்கு அது பெரிய ஆறுதல்.

9. ஆறு வாரக் கணக்கு

முதல் வாரம்: மூன்று பெரியவர்களைச் சேருங்கள், நாளை முடிவு செய்யுங்கள். அதே வாரம் இடத்துக்கான கடிதத்தையும் கொடுத்துவிடுங்கள், அதுதான் அதிக நேரம் பிடிக்கும். இரண்டாவது, மூன்றாவது வாரங்களில் பொருள் சேர்க்கலாம், பொட்டலம் தைக்கலாம். நான்காவது வாரம் ரசீது வந்திருக்க வேண்டும். வரவில்லையென்றால் நேரில் போங்கள், தொலைபேசியை நம்பாதீர்கள். ரசீது வந்த பிறகே ஒப்புதல் படிவத்தை அனுப்புங்கள். ஐந்தாவது வாரம் பிள்ளைகள் இல்லாமல் பெரியவர்கள் மட்டும் அந்த இடத்துக்குப் போய்க் கழிவறை, தண்ணீர்க்குழாய், கண்ணாடித் துண்டு, எறும்புப் புற்று, வேலி ஓட்டை எல்லாவற்றையும் நடந்து பாருங்கள். மண்டபத்தின் உடைந்த நாற்காலிகளைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வைப்புத்தொகையைத் திருப்பிக் கேட்கும்போது அது உதவும்.

ஆறாவது வாரம் தொடங்குங்கள், பன்னிரண்டு பிள்ளைகளோடு. அதற்கு மேல் யார் கேட்டாலும் முதல் இரண்டு மாதம் சேர்க்காதீர்கள். பதின்மூன்றாவது பிள்ளையின் பெயரையும் எண்ணையும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வையுங்கள். இரண்டு மாதம் கழிந்து, நான்காவது பெரியவரும் கிடைத்த அன்றே அந்த வீட்டுக்கு முதலில் தொலைபேசி அடியுங்கள்.